முகம் காட்டாத தண்ணீர்

ஊசிக்கல்பாளையத்தில் ஏழு இடங்களில் போர் போட்டு ஏழிலும் வெறும் புழுதி மட்டுமே பறந்து, எட்டாவதாகத் தெய்வாத்தாளின் மேட்டாங்காட்டில் ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்த பங்குனி மாதத்துப் பகலில், பஞ்சாயத்துத் தலைவர் இராக்கியண்ணன் முதற்கொண்டு ஊரே ஓடிவந்து அதில் தலை நனைத்து, கை நனைத்து, குடம் குடமாகப் பிடித்து, தொட்டியை ரொப்பி முடித்த பிறகுதான், அந்தத் தண்ணீரில் தங்களில் ஒருவர் முகமும் தெரியவில்லை என்பதைக் கவனித்தார்கள். மேலே போன மேகம் தெரிந்தது. வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கை கழுத்தைச் சாய்த்தது வரை தெரிந்தது. தெய்வாத்தாள் தன் காளையை இழுத்துவந்து தொட்டியோரம் நிறுத்தினாள். காளை தெரிந்தது, மூக்கணாங்கயிறு இல்லாமல் தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த தெய்வாத்தாள் தெரியவில்லை.

"ருசி எப்படி?" என்று இராக்கியண்ணன் கேட்டார்.

"லேசாக் கரிக்குதுங். குடிக்கலாமுங்."

"அப்பறமென்ன? மூஞ்சி பாக்கறதுக்கு ஊட்டுல கண்ணாடி இருக்குது."

அத்தோடு பேச்சு முடிந்தது. நான்கு வருஷமாக லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த ஊர் அது. வந்த தண்ணீரைக் குற்றம் சொல்ல அங்கே யாருக்கும் மனசு இல்லை. ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. குழந்தைகளைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிய பெண்கள், தண்ணீரில் தங்கள் கையும் குழந்தையும் தெரியாமல் மேலே வானம் மட்டும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே சோப்புப் போட்டார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், மறுநாள் காலை குடத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, நான் செத்துப்போய்விட்டேனா என்று அலறியபோது, மாமியார்க்காரி, "எங்கூர்த் தண்ணி அப்படித்தான் கண்ணு, ரெண்டு நாள்ல பழகிரும்" என்று சொல்லிக் காப்பி கலந்து கொடுத்தாள். மாகாளியம்மன் கோயில் பூசாரிக்குத்தான் கொஞ்சம் சங்கடம். அபிஷேகத்துக்கு வைத்த அண்டாவில் அம்மன் தெரிந்தாள், ஆனால் கண்ணும் மூக்கும் கையும் சூலமும் இல்லாமல், உளி படாத வெறும் கல்லாகத் தெரிந்தாள். அவர் இரண்டு நாள் யோசித்து, அண்டாவின் வாயை வாழையிலையால் மூடிவைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சங்கடமும் இல்லை.

டாக்டர் பவளக்கொடி அந்த ஊருக்கு வந்தது ஆடி மாதத்தில். பெரிய ஊரிலிருந்த ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் இருபத்தொன்பது வருஷமாகக் கல்லுக்கும் தண்ணீருக்கும் வயது பார்த்தவள் அவள். கல்லுக்குள் மணலைவிடச் சின்னதாக ஒளிந்திருக்கும் மணிகளைப் பொறுக்கியெடுத்து, அமிலத்தில் கரைத்து, அதற்குள் யுரேனியம் எவ்வளவு செத்து ஈயமாகியிருக்கிறது என்று பார்த்தால் கல்லின் வயது தெரியும். ஒரு மலையின் வயதைச் சொல்ல அவளுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. இருநூற்று ஐம்பது கோடி ஆண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னாள். கட்டுரையில் அவள் பெயர் நான்காவதாக வந்தது. அதற்கப்புறம் வெண்கல்லுக்குள் சிறைப்பட்டுக்கிடக்கும் நீர்த்துளிகளுக்கு வயது பார்த்தாள், கண்ணுக்கே தெரியாத துளிகள். அதிலே ஒன்பது வருஷம் போயிற்று, பெயர் மூன்றாவதாக வந்தது. "கல்லுக்கு வயசு பாக்குறாளாம், தன் வயசு போறது தெரியல இவளுக்கு" என்று அவள் அம்மா கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்வதற்கு அம்மாவும் இல்லாமல் போனாள். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் அயல்நாடு போனார்கள், பேராசிரியர் ஆனார்கள், குழுத் தலைவர்கள் ஆனார்கள். அவள் ஆழ்துளைத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தாள்.

தெய்வாத்தாளின் காட்டில் அவள் செப்புக் குழாயைக் குழாய் வாயில் பொருத்தி, ஒரு குமிழிகூட உள்ளே போகாமல் தண்ணீரை ஓடவிட்டு, இரண்டு முனையையும் இறுக்கி நசுக்கி மூடினாள். பிறகு தொட்டியில் எட்டிப் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தில் வெப்பநிலை எழுதினாள், உப்பு எழுதினாள், அதற்குக் கீழே 'முகம்: இல்லை' என்று எழுதிக் கோடு போட்டாள்.

"இதுல என்னங் பாப்பீங்க?" என்று தெய்வாத்தாள் கேட்டாள். புருஷன் போனபின் தனியாகவே பண்ணையம் பார்க்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"பாறைக்குள்ள இருந்து ஒரு வாயு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தண்ணிக்குள்ள சேரும். ஹீலியம்னு பேரு. தண்ணி எத்தனை காலம் அடைபட்டுக் கிடக்குதோ அத்தனைக்கு வாயு சேர்ந்திருக்கும். அதை வெச்சு வயசு சொல்லலாம்."

"மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி."

பவளக்கொடி சிரித்துவிட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் வேலையை இவ்வளவு சீக்கிரமாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

புரட்டாசியில் அவள் திரும்பி வந்து வயதைச் சொன்னாள். இருபத்திரண்டு லட்சம் ஆண்டு, கூடக்குறைய மூன்று லட்சம் இருக்கலாம். கோயில் மைதானத்தில் கூடியிருந்தவர்கள் மூன்று லட்சம் என்ன கணக்கு என்று கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு பூசாரிதான் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் காலத்துல இங்க மனுசங்க இருந்தாங்களுங்களா?"

"இருந்ததா இதுவரைக்கும் தடயம் இல்லைங்க."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர்தான் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டது. மனுசன் பிறக்கும் முன்னே பெய்த மழை. பெய்ததும் பாறைக்குள் இறங்கிப் படுத்துவிட்டது. மனுச மூஞ்சியைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படிக் காட்டும்? மூக்கணாங்கயிறு எங்கே தெரியும் அதற்கு? இராக்கியண்ணன் ஒரு படி மேலே போனார். "மனுசங் கண்ணு படாத தண்ணி" என்றார். அப்படியானால் கண்ணேறு படாத தண்ணீர். அடுத்த வெள்ளிக்கிழமையே பக்கத்து ஊர்களிலிருந்து திருஷ்டி கழிக்கச் சொம்போடு வரத் தொடங்கினார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு தெய்வாத்தாள் பவளக்கொடியின் கூடவே கார் வரை நடந்து வந்தாள்.

"ஏனுங் டாக்டரம்மா, இந்தத் தண்ணி எத்தன நாளைக்கு வருமுங்? வாய்க்காப் பாசனத்துல எனக்கொரு ஏக்கரா இருக்குது. அத வித்துப்போட்டு இங்கயே தென்னை வெக்கலாமான்னு ஒரு ரோசனை."

பவளக்கொடிக்குப் பதில் தெரியும். இருபத்திரண்டு லட்சம் வருஷம் மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்காமல் அடைபட்டுக் கிடந்த தண்ணீர், எடுக்க எடுக்கக் குறையுமே தவிர ஊறாது. ஆனால் வயதை மட்டும் சொல்லத்தான் அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது, அறிக்கை இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. ஒப்புதல் ஆகாத அறிக்கையிலிருந்து வேறு ஒரு வார்த்தையும் வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. விதியை மீறாமல் இருபத்தொன்பது வருஷம் இருந்தவள் அவள்.

"அறிக்கை வரட்டும்மா" என்றாள். தெய்வாத்தாள் முகம் வாடியதைப் பார்த்து, "தண்ணி நிறையத்தான் இருக்கு" என்றும் சொன்னாள். அது பொய்யில்லை.

அறிக்கையின் கடைசி வரியை அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'இந்நீர் மழையால் மீண்டும் ஊறக்கூடியது அன்று, எடுத்தால் தீர்ந்துவிடும்.' ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார். நல்ல மனிதர்தான், கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பவளம், இந்தக் கடைசி வரி எதுக்கு? நாம வயசு சொல்றவங்க. ஜோசியம் சொல்றவங்க இல்ல."

"வயசைச் சொன்னா இதையும் சொல்லித்தான் சார் ஆகணும். ரெண்டும் ஒண்ணுதான்."

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், விடுங்க. அந்தத் தண்ணியைப் பாட்டில்ல அடைக்க ஒரு கம்பெனி வருது. நம்ம கூடத்துக்குப் புது எந்திரம் வாங்கித் தர்றதா எழுதியே குடுத்துட்டாங்க. நீங்க எட்டு வருஷமா கேட்டுட்டு இருக்கிற எந்திரம்." அவர் தாளைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார். "அதோட, இதே அறிக்கை கட்டுரையா வரப்போகுது, அதுல உங்க பேரு முதல்ல வருது."

அவள் பார்த்தாள். முதலில்தான் இருந்தது. பவளக்கொடி என்று, மேலே எந்தப் பெயரும் இல்லாமல், இடது ஓரத்தில். அந்த இடத்தில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தாள், ஆனால் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சரி சார் என்று சொன்னபோது தன் குரல் சாதாரணமாக இருந்ததுதான் அவளுக்குப் பின்னாளில் தாங்கமுடியாததாக இருந்தது. அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஒரு நாளாவது யோசித்திருந்தால் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். காப்பி வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கம்பெனி தை மாதத்தில் வந்தது. ஊசிக்கல்பாளையம் அதையும் தண்ணீரைப்போலவே ஏற்றுக்கொண்டது. மாடு மேய்ந்த கொறங்காட்டு வேலியைப் பிரித்துத் தகரக் கொட்டகை போட்டார்கள், ஒரு போர் இருந்த இடத்தில் நாற்பது போர் போட்டார்கள், இருபத்திரண்டு லட்சம் என்ற எண்ணைப் பொன்னிறத்தில் அச்சடித்துப் பாட்டிலில் ஒட்டினார்கள், கூடக்குறைய மூன்று லட்சம் என்பதை விட்டுவிட்டார்கள். எங்கெங்கேயோ இருந்தவர்களுக்கெல்லாம் தங்களைத் தெரியாத தண்ணீர் வேண்டியிருந்தது. புது வீடு குடிபோகிறவர்கள் வாசலில் தெளிக்க வாங்கினார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் வேட்புமனு போடும் முன் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். முகத்தில் தீக்காயம் பட்ட ஒரு பெண் தினம் அதில்தான் முகம் கழுவுவதாகக் கடிதம் எழுதியிருந்தாள். கம்பெனிக்காரர்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டினார்கள். ஊரில் பாதிப் பேர் கொட்டகைக்கு வேலைக்குப் போனார்கள். தோட்டங்களில் கரும்பும் வாழையும் வந்தன. தெய்வாத்தாள் வாய்க்கால் ஏக்கரை விற்றுவிட்டு, மேட்டாங்காட்டில் நூற்றிருபது தென்னை வைத்தாள். ஒவ்வொரு தென்னைக்கும் அவளே பாத்தி கட்டித் தண்ணீர் விட்டாள், பாத்தியில் தென்னங்கீற்று ஆடுவது தெரிந்தது, தான் தெரியாததை அவள் எப்போதோ மறந்திருந்தாள்.

மூன்றாம் வருஷம் மாசியில் முதல் போர் காற்றை உறிஞ்சியது. மோட்டாரின் சத்தம் மாறியது கேட்டுத் தெய்வாத்தாள் ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்தாள். குழாயை இன்னும் நூறடி இறக்கினார்கள், பிறகு இருநூறடி, பிறகு அடியில் இறக்க ஒன்றுமில்லை. சித்திரை முடிவதற்குள் நாற்பதும் நின்றன. கம்பெனி ஒரே வாரத்தில் தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. வேறு எங்கோ இன்னும் பழைய தண்ணீர் கிடைத்திருக்கிறது என்று சொன்னார்கள். வாய்க்கால் தண்ணீரை ஏற்றிக்கொண்டு மறுபடி லாரி வர ஆரம்பித்தது. அந்தத் தண்ணீரில் முகம் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வரும் லாரியில் குடத்தை முன்னால் வைக்கிற சண்டையில் அதற்கெல்லாம் நேரமில்லை.

தென்னைகள் குருத்திலிருந்து காயத் தொடங்கிய வைகாசியில், பணி ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கையில், பவளக்கொடி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காரில்லாமல் பஸ் ஏறி வந்தாள். கோயில் மைதானத்தில் ஊரைவிட்டுப் போவது பற்றி ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இராக்கியண்ணன் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள், அறிக்கையில் ஒரு வரி இருந்தது, இந்தத் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நான் எழுதியிருந்தேன், அந்த வரியை நீக்கச் சொன்னார்கள், நீக்கச் சம்மதித்தேன், எனக்கு அப்போதே தெரியும்.

யாரோ செருமினார்கள். கூட்டத்தில் யாரும் எழுந்து திட்டவில்லை. திட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள், பஸ்ஸில் வரும்போதே அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"அந்த வரி இருந்திருந்தாலும் வித்திருப்பமுங்" என்றார் இராக்கியண்ணன். அவர் குரலில் வெறுப்புகூட இல்லை. "தீந்துரும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் வேகமா வித்திருப்போம். நீங்க அதுக்காக மனசக் கெடுத்துக்காதீங். நீங்க சொல்லித்தான் நாங்க நல்லது கெட்டது பண்றோம்னு நெனச்சுக்கிட்டீங்களாக்கு?"

சிலர் சிரித்தார்கள். அவளுடைய முப்பத்திரண்டு வருஷமும் அந்தச் சிரிப்பில் போய் விழுந்தது. தான் செய்த தவறாவது பெரிதாக இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் எழுந்தாள்.

"ஊரு வித்திருக்கும். நான் என்ற வாய்க்கா ஏக்கராவ வித்திருக்க மாட்டனுங்." அவள் பவளக்கொடியை நேராகப் பார்த்தாள். "நான் கம்பெனியக் கேக்கல, தலைவரக் கேக்கல. உங்களத்தான் கேட்டனுங், காருக்குக் கிட்ட நின்னு. நெறைய இருக்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அந்த ஒரு ஏக்கரா இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் இங்கயே இருந்து செத்திருப்பேன்."

"தெரியும்மா. என்னை..."

"மன்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியாதுங். ஒரு காரியம் பண்ணுங்க. நாளைக்கு நான் ஊட்டப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போறேன், பனியன் கம்பெனிக்கு. சொந்தம், ஒறம்பரைக யாராச்சும் தேடி வந்தா, ஓடிப்போயிட்டான்னு நெனைக்கக் கூடாது. எதுனால போனன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, கதவுல ஒட்டிட்டுப் போறேன். படிச்சவிய எழுதுனா நம்புவாங்க."

பவளக்கொடி கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தாளைக் கிழித்து, நாற்காலியின் மேல் வைத்துக் குனிந்து எழுதினாள். 'இந்த வீட்டுக்காரர் தெய்வாத்தாள் கடனுக்கோ சண்டைக்கோ பயந்து போகவில்லை. இங்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிடும் என்று முன்பே தெரிந்திருந்தும் இவருக்கு நான் சொல்லவில்லை.' கீழே பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டாள். தெய்வாத்தாள் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள், மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பூசாரி வந்தார். "எனக்கும் ஒண்ணு எழுதிருங். கோயல் கதவுக்கு." பிறகு மாமியாரும் மருமகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். பிறகு வரிசையே நின்றுவிட்டது. வெயில் தாழும் வரை, மறுநாள் விடிந்து மறுபடி வெயில் ஏறும் வரை, அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் கேட்டு, பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, அதே மூன்று வரியை எழுதினாள். நோட்டுப் புத்தகம் தீர்ந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இராக்கியண்ணன் கடைசியாக வந்து, எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, தன் வீட்டுத் தாளில் மட்டும் மூன்றாவது வரியை அடித்துவிடச் சொன்னார். அவள் அடித்துக் கொடுத்தாள். மொத்தம் நூற்றி நான்கு கதவு. சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியிருந்ததால் எறும்புகள் அன்றைக்கே வந்துவிட்டன.

மத்தியானப் பஸ்ஸில் ஊர் ஏறியது. மூட்டையும் குடமும் அம்மிக்கல்லும் வழியை அடைத்தன. ஏற முடியாதவர்கள் அடுத்த நடைக்கு நின்றார்கள். பவளக்கொடி முன்பக்கத்து ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள், பக்கத்து இருக்கைக்காகக் கால்களை ஒடுக்கிக்கொண்டாள். தெய்வாத்தாள் ஏறி, அவளைப் பார்த்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். "உக்காருங்கம்மா, எடம் இருக்கு" என்றாள் பவளக்கொடி. "இருக்கட்டுமுங்" என்றாள் தெய்வாத்தாள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நின்றாள், பூசாரி நின்றார், இடுப்பில் கோழியை இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். பஸ் வளைவுகளில் சாயும்போதெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். காங்கேயம் வந்து சேரும்வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.